ஹாலிவுட் பொற்காலப் படங்களை ரசித்துப் பார்க்க ஒரு முழுமையான வழிகாட்டி

பழைய ஆங்கிலப் படம் ஒன்றையாவது முழுதாகப் பார்த்துவிட வேண்டும் என்று ஆசையோடு உட்கார்ந்து, இருபது நிமிடங்களில் எழுந்துவிட்ட நண்பர்கள் எனக்குப் பலர் உண்டு. கறுப்பு வெள்ளையாக இருக்கிறது, ஒரு வசனம் புரிவதற்குள் அடுத்தது வந்துவிடுகிறது, எல்லாரும் மேடையில் நிற்பதுபோல் நடிக்கிறார்கள் என்று அவர்கள் சொல்லும் மூன்று குறைகளிலும் உண்மை இருக்கிறது. ஆனால் கொஞ்சம் முறையாகப் பழகிவிட்டால், அந்தப் படங்களின் மீது தீராத பிரியம் உண்டாவதற்கும் இதே மூன்றுதான் காரணமாகின்றன. அந்தப் பழக்கத்தை எங்கே தொடங்கி எப்படி வளர்ப்பது என்பதை, நான் பார்த்துப் பார்த்துக் கற்ற வரிசையில் இங்கே எழுதுகிறேன்.

1927 அக்டோபரில் வார்னர் பிரதர்ஸ் நிறுவனம் 'தி ஜாஸ் சிங்கர்' படத்தை வெளியிட்டுப் பேசும் படங்களின் காலத்தைத் தொடங்கிவைத்தது முதல், 1950களின் இறுதியில் பெரிய ஸ்டூடியோக்களின் பிடி தளர்ந்தது வரையிலான ஏறத்தாழ முப்பது ஆண்டுகளைத்தான் பொற்காலம் என்கிறோம். அந்தக் காலத்துக் கலைஞர்கள் சொல்ல வந்ததில் பாதியை வசனத்தில் வைக்கவில்லை. வெளிச்சம் விழும் விதத்திலும், ஆட்கள் நிற்கும் இடத்திலும், கேமரா இருக்கும் உயரத்திலும் வைத்தார்கள். கதையை மட்டும் தேடுகிறவருக்குப் பாதிப் படம்தான் கிடைக்கும். மற்றப் பாதியைப் பார்க்கக் கண்ணுக்குச் சிறிது பயிற்சி வேண்டும்.

முதல் படி: திரையைச் சரிசெய்யுங்கள்

இது சிறிய விஷயமாகத் தோன்றும். ஆனால் பலருடைய முதல் அனுபவம் கெட்டுப்போவது இங்கேதான். 1930களின் தொடக்கத்திலிருந்து 1953 வரை வந்த ஹாலிவுட் படங்கள் அநேகமாக எல்லாமே 1.37க்கு 1 என்ற அளவில், ஏறக்குறைய சதுரத்தை நெருங்கும் வடிவத்தில் எடுக்கப்பட்டவை. இன்றைய தொலைக்காட்சித் திரை அதைவிட மிக அகலமானது. ஆகவே படத்தின் இருபுறமும் கறுப்புப் பட்டைகள் தெரிவதே சரியான நிலை. திரை முழுவதையும் நிரப்ப வேண்டும் என்று படத்தை இழுத்துவிட்டால் முகங்கள் உப்பிப்போகும். பெரிதாக்கிவிட்டால் தலையும் காலும் வெட்டுப்படும். நான் ஒரு படத்தை முதன்முறை அப்படி இழுத்த நிலையில்தான் பார்த்தேன். இரண்டாம் முறை சரியான அளவில் பார்த்தபோது, கதாநாயகியின் கைகள் காட்சியின் அடி ஓரத்தில் ஓயாமல் கைக்குட்டையைக் கசக்கிக்கொண்டிருந்ததைக் கண்டேன். அந்தக் காட்சியின் பொருளே அந்தக் கைகளில் இருந்தது.

புதிய தொலைக்காட்சிகளில் அசைவை வழவழப்பாக்கும் வசதி ஒன்று தானாகவே இயங்கிக்கொண்டிருக்கும். நொடிக்கு 24 பிம்பங்களாக எடுத்த படத்தை அது நாடகத் தொடர்போல் மாற்றிவிடுவதால், அமைப்புகளுக்குள் சென்று அதை அணைத்துவிடுங்கள். பின்னாளில் கணினியால் வண்ணம் பூசிய பதிப்புகளைத் தவிர்த்துவிடுங்கள். புதுப்பித்த நல்ல பதிப்பு கிடைக்கிறதா என்று தேடிப் பார்ப்பது பலன் தரும். 1950களின் தொடக்கம் வரை பயன்பட்ட நைட்ரேட் பிலிம் எளிதில் தீப்பற்றக்கூடியது, நாளாக ஆகச் சிதைந்தும் போவது என்பதால், மங்கலான நகலைப் பார்த்துவிட்டு 'அந்தக் காலத்தில் இப்படித்தான் எடுத்தார்கள்' என்று முடிவுகட்டுவது அந்த ஒளிப்பதிவாளர்களுக்கு நாம் செய்யும் அநியாயம். கறுப்பு வெள்ளைப் படத்தின் அழகு அதன் கறுப்பில் இருக்கிறது என்பதால் அறையையும் இருட்டாக்கிக்கொள்ளுங்கள்.

இரண்டாம் படி: முதல் படத்தைக் கவனமாகத் தேர்ந்தெடுங்கள்

உலகின் மிகச் சிறந்த படம் எது என்று தேடி, பல பட்டியல்களின் உச்சியில் நெடுங்காலம் இருந்த 'சிட்டிசன் கேன்' படத்தில் தொடங்குவது பெரும்பாலானோர் செய்யும் தவறு. அந்தப் படத்தைப் பின்னால் பார்த்துக்கொள்ளலாம். முதல் படமாக நான் எல்லாருக்கும் சொல்வது, சிட்னி லூமெட் இயக்கிய முதல் திரைப்படமான '12 ஆங்ரி மென்'. 1957இல் வந்த இந்தப் படம் காலத்தால் பொற்காலத்தின் கடைசி வாசலில் நிற்கிறது, படமாக்கியதும் நியூயார்க்கில்தான். ஆயினும் இதற்குள் நுழைய அமெரிக்க வரலாறு எதுவும் தெரிந்திருக்க வேண்டியதில்லை. கொலைக் குற்றம் சாட்டப்பட்ட ஓர் இளைஞனின் உயிர், தீர்ப்புச் சொல்ல அமர்த்தப்பட்ட சாதாரணக் குடிமக்களான பன்னிரண்டு ஜூரிகளின் கையில் இருக்கிறது. அவர்களுடைய முடிவு ஒருமனதாக இருக்க வேண்டும் என்பது சட்டம். பதினொரு பேர் குற்றவாளி என்கிறார்கள், ஒருவர் மட்டும் கொஞ்சம் பேசலாம் என்கிறார். 96 நிமிடப் படத்தில் சில நிமிடங்கள் தவிர மற்றவை எல்லாம் ஒரே அறையில், ஒரே மேசையைச் சுற்றி, புழுக்கமான ஒரு நாளில் நடக்கின்றன.

முதல் முறை கதையை மட்டும் பாருங்கள், அதுவே உங்களை விடாது. இரண்டாம் முறை பார்க்கும்போது கேமராவின் உயரத்தைக் கவனியுங்கள். முதல் பகுதியில் கேமரா ஆட்களின் கண்மட்டத்துக்கு மேலே இருந்து பார்க்கிறது, அறை விசாலமாகத் தெரிகிறது. நடுப்பகுதியில் கண்மட்டத்துக்கு இறங்குகிறது. கடைசிப் பகுதியில் அதற்கும் கீழே போய்விடுவதால், அதுவரை கண்ணில் படாத கூரை தலைக்கு மேலே தெரியத் தொடங்குகிறது. அதே வேளையில் ஒளிப்பதிவாளர் போரிஸ் காஃப்மன் படிப்படியாக நீளமான லென்ஸ்களுக்கு மாறிக்கொண்டே போவதால், பின்சுவர்கள் அந்த மனிதர்களை நோக்கி நெருங்கி வருவதுபோல் ஆகிவிடுகிறது. முதல் முறை பார்த்தபோது படத்தின் பிற்பகுதியில் உங்களுக்கு ஏன் மூச்சு முட்டியது என்பது அப்போது விளங்கும். சுவரில் இருக்கும் மின்விசிறி வேலை செய்யவில்லை என்று ஆரம்பத்தில் ஒருவர் அலுத்துக்கொள்வதையும், மழை இருட்டிக்கொண்டு வந்து விளக்கைப் போட்ட பிறகு அது சுழலத் தொடங்குவதையும் தவறவிடாதீர்கள். விசிறி ஓடாததற்குக் காரணம் விளக்கின் சுவிட்ச்தான் என்பதை அந்த அறையில் யாரும் அதுவரை யோசித்துப் பார்த்திருக்கவில்லை.

மூன்றாம் படி: காதைப் பழக்குங்கள்

அந்தக் காலத்து ஆங்கிலம் நமக்குக் கடினமாக இருப்பதற்கு அதன் வேகம் ஒரு காரணம், பிரிட்டிஷும் அமெரிக்கமும் கலந்து மேடைக்கென்று பயிற்றுவிக்கப்பட்ட உச்சரிப்பு இன்னொரு காரணம். ஆங்கில சப்டைட்டில் வைத்துப் பார்ப்பதில் எந்த இழுக்கும் இல்லை. முதல் முறை எழுத்தோடு பாருங்கள். பிடித்த காட்சிகளை மட்டும் எழுத்தை அணைத்துவிட்டு மறுபடி பாருங்கள். ஹோவர்ட் ஹாக்ஸ் இயக்கிய 'ஹிஸ் கேர்ள் ஃப்ரைடே' (1940) இதற்கு ஏற்ற பயிற்சிப் படம். பத்திரிகை ஆசிரியராக வரும் கேரி கிரான்ட்டும், அவரை விவாகரத்து செய்துவிட்ட நிருபராக வரும் ரோசலிண்ட் ரஸ்ஸலும் ஒருவர் பேசி முடிப்பதற்குள் மற்றவர் தொடங்கிவிடுவார்கள். ஒவ்வொரு சொல்லையும் பிடிக்க முயலாமல், ஜுகல்பந்தி கேட்பதுபோல் அந்தத் தாளத்தைக் கேளுங்கள். அமெரிக்காவில் இதன் காப்புரிமை காலாவதியாகிவிட்டதால், இணையத்தில் இலவசமாகவே கிடைக்கும்.

ஒலி வந்தபோது ஹாலிவுட் பட்ட பாட்டைத் தெரிந்துகொள்ள, 1952இல் ஜீன் கெல்லியும் ஸ்டான்லி டோனனும் சேர்ந்து இயக்கிய 'சிங்கிங் இன் த ரெயின்' படத்தை இந்தக் கட்டத்தில் பார்த்துவிடலாம். புதரில் ஒளித்துவைத்த மைக்கை நோக்கிப் பேசத் தெரியாமல் நடிகை தலையைத் திருப்பத் திருப்ப, ஒலி தேய்ந்தும் ஓங்கியும் பதிவாகும் காட்சி, மௌனப் படத்தில் வளர்ந்தவர்கள் புதிய தொழிலைக் கற்க நேர்ந்த 1927ஆம் ஆண்டின் கலக்கத்தைக் கண்முன் நிறுத்திவிடுகிறது.

நான்காம் படி: ஸ்டூடியோவின் முத்திரையைப் படியுங்கள்

படம் தொடங்கும் முன் வரும் சின்னத்தை வேகமாக ஓட்டிவிடாதீர்கள். எம்.ஜி.எம்., பாரமவுண்ட், வார்னர் பிரதர்ஸ், ட்வென்டியத் செஞ்சுரி ஃபாக்ஸ், ஆர்.கே.ஓ. ஆகிய ஐந்தும் சொந்தத் தளங்களில் படம் எடுத்து, தாமே விநியோகித்து, தமக்குச் சொந்தமான திரையரங்குகளில் ஓட்டின. யுனிவர்சல், கொலம்பியா, யுனைடெட் ஆர்ட்டிஸ்ட்ஸ் ஆகிய மூன்றும் அவற்றுக்கு அடுத்த வரிசையில் இருந்தன. நடிகர்கள், எழுத்தாளர்கள், தச்சர்கள், தையற்காரர்கள் எல்லாரும் ஒரே கூரையின் கீழ் சம்பளத்துக்கு வேலை செய்ததால் ஒவ்வொரு ஸ்டூடியோவுக்கும் ஒரு கைவாகு அமைந்தது. எம்.ஜி.எம். படத்தின் மாளிகைகள் பளபளக்கும். வார்னர் படங்களில் நகரத்துத் தெருவும் குற்றமும் விறுவிறுப்பும் இருக்கும். யுனிவர்சல் 1931 முதல் பேய்ப் படங்களுக்குப் பேர்போனது. சில மாதங்களில், சின்னத்தை மறைத்துவிட்டாலும் எந்த வீட்டுச் சமையல் என்று சொல்லும் அளவுக்கு உங்களுக்கே தெரிந்துவிடும்.

இந்த ஏற்பாட்டின் மறுபக்கம் கொடுமையானது. ஏழு ஆண்டு ஒப்பந்தத்தில் கட்டுண்ட நடிகர் ஒரு வேடத்தை மறுத்தால், வேலை செய்யாத அந்த நாட்களை ஒப்பந்தத்தின் இறுதியில் கூட்டிக்கொள்வார்கள். நடிகை ஒலிவியா டி ஹாவிலண்ட் வழக்குத் தொடுத்து, ஏழு ஆண்டு என்றால் நாட்காட்டியின்படி ஏழு ஆண்டுதான் என்ற தீர்ப்பை 1944இல் பெற்றார். 1948இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பைத் தொடர்ந்து ஸ்டூடியோக்கள் திரையரங்குகளைக் கைவிட வேண்டியதாயிற்று. தொலைக்காட்சியும் வீடுகளுக்குள் நுழைந்த பிறகு, அந்தப் பழைய கட்டமைப்பு மெல்லக் கரைந்தது.

ஐந்தாம் படி: சொல்லாமல் விட்டதைக் கேளுங்கள்

1930இல் எழுதப்பட்டு, 1934 நடுப்பகுதியிலிருந்து ஜோசப் பிரீன் என்பவரின் கண்காணிப்பில் கண்டிப்பாக நடைமுறைக்கு வந்த தணிக்கை விதிகள், 1968 வரை ஹாலிவுட்டின் தலைக்கு மேல் தொங்கிக்கொண்டிருந்தன. அந்தக் கட்டுப்பாட்டை நான் புகழவில்லை. ஆனால் நேரடியாகக் காட்ட முடியாததை வேறு வழியில் உணர்த்தும் வித்தையை அந்தக் கால இயக்குநர்கள் எவ்வளவு தூரம் வளர்த்தார்கள் என்பது வியப்புக்குரியது.

விதி இறுகுவதற்குச் சில மாதங்கள் முன்பு வந்த படமானாலும், ஃபிராங்க் காப்ராவின் 'இட் ஹாப்பண்ட் ஒன் நைட்' (1934) இந்த வித்தைக்கு நல்ல பாடம். மணமாகாத இருவர், கிளார்க் கேபிளும் கிளாடெட் கோல்பெர்ட்டும், பயணத்தில் ஒரே அறையில் தங்க நேர்கிறது. நடுவே கயிறு கட்டி ஒரு போர்வையைத் தொங்கவிட்டு, விவிலியத்தில் வரும் எரிகோ நகரத்து மதில் என்று அதற்குப் பெயர் வைக்கிறான் அவன். எக்காளம் ஊதியதும் இடிந்து விழுந்த மதில் அது என்பது உங்களுக்கு நினைவிருந்தால், படத்தின் கடைசிக் காட்சியில் காதலர் இருவரையும் காட்டாமலே, ஓர் எக்காள ஒலியையும் தரையில் விழும் போர்வையையும் மட்டும் காட்டி முடிக்கும் அழகு முழுதாகக் கிடைக்கும்.

ஆறாம் படி: ஒளியைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள்

இப்போது 'சிட்டிசன் கேன்' (1941) பார்க்கலாம். ஆர்சன் வெல்ஸ் அப்போது இருபத்தைந்து வயது இளைஞர். பெரும் பத்திரிகை முதலாளி ஒருவரின் வாழ்க்கையைப் பலருடைய நினைவுகளின் வழியே சொல்லும் இந்தப் படத்தில், பனியில் விளையாடும் சிறுவனின் காட்சியில் நிறுத்தி நிதானமாகப் பாருங்கள். சிறுவன் வெளியே பனிப்பந்து எறிந்துகொண்டிருக்கிறான். கேமரா பின்வாங்கி ஜன்னலுக்கு உள்ளே வருகிறது, இன்னும் பின்வாங்கி அறையைக் கடந்து ஒரு மேசை வரை வருகிறது. முன்னால் தாயும் வங்கிக்காரரும் அமர்ந்து காகிதங்களில் கையெழுத்திடுகிறார்கள். சற்றுத் தள்ளித் தந்தை தவித்தபடி நிற்கிறார். அவர்களுக்கு நடுவே, தூரத்தில், ஜன்னல் சதுரத்துக்குள் அந்தச் சிறுவன் இன்னும் கத்தி விளையாடிக்கொண்டிருக்கிறான். வீட்டைவிட்டு அவனை அனுப்பிவிடும் முடிவு உள்ளே எடுக்கப்படுகிறது. அவனுக்கு அது தெரியாது. அருகில் இருக்கும் பேனாவும் தொலைவில் இருக்கும் பையனும் ஒரே தெளிவோடு தெரியும்படி ஒளிப்பதிவாளர் கிரெக் டோலண்ட் எடுத்திருப்பதால், வெட்டிவெட்டிக் காட்டாமலே அந்தக் குடும்பம் பிளவுபடும் கணத்தை நாம் ஒரே பார்வையில் பார்த்துவிடுகிறோம். கடைசியில் தாய் எழுந்துபோய் ஜன்னலைத் திறக்கும்போது அவள் முகத்தைக் கவனியுங்கள். டோலண்டின் பங்களிப்பை மதித்து, இயக்குநரின் பெயர் வரும் அதே அட்டையிலேயே அவர் பெயரையும் வெல்ஸ் போட்டிருக்கிறார்.

இதற்கு அடுத்து பில்லி வைல்டரின் 'டபுள் இன்டெம்னிட்டி' (1944). ஜன்னல் மறைப்பின் பட்டைகளூடே வெயில் கோடுகோடாக விழுந்து, உள்ளே வரும் மனிதனைச் சிறைக்கம்பிக்குப் பின்னால் நிற்பவனாக்கிவிடும். பெர்லினில் எழுதிக்கொண்டிருந்த வைல்டர், நாஜிகள் ஆட்சிக்கு வந்ததும் 1933இல் அங்கிருந்து வெளியேறியவர். ஜெர்மன் மௌனப் படங்களின் நிழல்கள் கலிபோர்னியாவுக்கு வந்துசேர்ந்ததில் இப்படிப்பட்ட அகதிகளுக்குப் பெரும் பங்கு உண்டு.

நமக்கும் இந்த ஒளிக்கும் உண்மையான ஓர் உறவு உண்டு. அமெரிக்காவில் திரைக்கலை படித்துவிட்டு 1935இல் இந்தியாவுக்கு வந்த எல்லிஸ் ஆர். டங்கன், 'சதி லீலாவதி' (1936) முதல் 'மந்திரி குமாரி' (1950) வரை தமிழில் படங்கள் இயக்கினார். எம்.எஸ். சுப்புலட்சுமி நடித்த 'மீரா' (1945) படத்துக்காக, எம்.எஸ்ஸின் தலையை வார்ப்புச் சிலையாகச் செய்து, அதன் மீது பல கோணங்களில் விளக்கொளியைப் பாய்ச்சி, எந்த ஒளி அந்த முகத்துக்குப் பொருந்தும் என்று டங்கனும் ஒளிப்பதிவாளர் ஜிதன் பானர்ஜியும் முன்கூட்டியே சோதித்துப் பார்த்தார்கள். அந்தப் படத்தின் அண்மைக் காட்சிகளை இந்தப் படியோடு சேர்த்துப் பார்த்தால், ஹாலிவுட்டின் கைத்திறன் தமிழ்முகம் ஒன்றில் என்ன செய்தது என்பது தெரியும்.

ஏழாம் படி: ஓரத்தில் நிற்கும் முகங்களைப் பாருங்கள்

மைக்கேல் கர்ட்டிஸ் இயக்கிய 'காசாபிளாங்கா' (1942) காதல் கதையாகத்தான் பெரும்பாலோருக்குத் தெரியும். ஹம்ஃப்ரி போகார்ட்டையும் இங்ரிட் பெர்க்மனையும் ரசித்து முடித்த பிறகு, துணை நடிகர்களுக்காக அதை மறுபடி பாருங்கள். இரண்டாம் உலகப் போரில், நாஜிகளிடமிருந்து தப்பி மொராக்கோவில் மாட்டிக்கொண்ட அகதிகளின் கதை இது. அந்த வேடங்களில் நடித்தவர்களில் பலர் உண்மையிலேயே அகதிகள். சூதாட்ட மேசையில் நிற்கும் மார்செல் டாலியோவும், இவோன் என்ற பெண்ணாக வரும் மாட்லின் லெபோவும் 1940இல் ஜெர்மன் படை பாரிஸை நெருங்கியபோது அங்கிருந்து தப்பியவர்கள். நாஜி அதிகாரி வேடத்தில் வரும் கான்ராட் ஃபைட், நாஜிகளை வெறுத்து, யூத மனைவியோடு ஜெர்மனியைவிட்டு வெளியேறியவர்.

இது தெரிந்த பிறகு விடுதியில் நடக்கும் பாட்டுப் போட்டியைப் பாருங்கள். ஜெர்மன் அதிகாரிகள் பியானோவைச் சுற்றி நின்று தங்கள் தேசப் பாடலை உரக்கப் பாடுகிறார்கள். நாஜிகளை எதிர்த்துப் போராடும் விக்டர் லாஸ்லோ வாத்தியக் குழுவிடம் விரைந்து சென்று பிரெஞ்சு தேசிய கீதத்தை வாசிக்கச் சொல்கிறார். குழுவினர் விடுதி முதலாளி ரிக்கை, அதாவது போகார்ட்டை, பார்க்கிறார்கள். ரிக் தலையை லேசாக அசைக்கிறார், ஒரு சொல்கூட இல்லை. விடுதி முழுவதும் எழுந்து பாட, சற்று முன்பு ஒரு ஜெர்மன் அதிகாரியின் கையைப் பிடித்துக்கொண்டு வந்த இவோனின் முகம் கண்ணீரோடு திரையை நிரப்புகிறது. அந்தக் கண்ணீர் சிந்துகிறவளின் ஊர் அன்றைக்கும் அந்நியப் படையின் பிடியில்தான் இருந்தது. எத்தனை முறை பார்த்தாலும் எனக்குத் தொண்டை அடைக்கும் காட்சி இது.

எட்டாம் படி: வண்ணத்தை அதன் காலத்தில் வைத்துப் பாருங்கள்

அன்றைய டெக்னிகலர் கேமரா, உள்ளே வரும் ஒளியைப் பிரித்து ஒரே நேரத்தில் மூன்று பிலிம் சுருள்களில் பதிவுசெய்தது. அதற்கு ஏராளமான வெளிச்சமும் பணமும் தேவைப்பட்டன. ஆகவே வண்ணம் என்பது காரணத்தோடு எடுத்த முடிவு. 'தி விசர்ட் ஆஃப் ஆஸ்' (1939) படத்தில் கான்சஸ் ஊர் பழுப்பு நிறத்தில் இருக்கும். டோரத்தி கதவைத் திறந்ததும் வண்ண உலகம் விரியும். மூலக் கதையில் வெள்ளி நிறமாக இருந்த அவளுடைய காலணி, வண்ணத் திரைக்காகவே மாணிக்கச் சிவப்பாக மாறியது.

ஒன்பதாம் படி: வலிக்கும் இடங்களைத் தாண்டிப் போகாதீர்கள்

நேசிக்கிறோம் என்பதற்காக அநீதியை மறைக்க வேண்டியதில்லை. 'கான் வித் த விண்ட்' (1939) படத்துக்காக ஆஸ்கர் பெற்ற முதல் கறுப்பினக் கலைஞரான ஹாட்டி மெக்டேனியல், அட்லாண்டாவில் நடந்த அதன் முதல் காட்சிக்கு வர முடியவில்லை, அங்கே நிறப்பாகுபாட்டுச் சட்டம் இருந்தது. 1940இல் விருது பெற்ற இரவில்கூட, சக நடிகர்களிடமிருந்து பிரித்து வைக்கப்பட்ட ஒரு மேசையில்தான் அவர் உட்கார்ந்திருந்தார். 'தி குட் எர்த்' (1937) படத்தில் சீனப் பெண்ணாக நடிக்க, சீன வம்சாவளி நட்சத்திரமான அன்னா மே வாங்கை விட்டுவிட்டு, ஜெர்மனியில் பிறந்த லூயிஸ் ரைனரை நடிக்க வைத்தார்கள். 1947க்குப் பிறகு கம்யூனிஸ்டுகள் என்று முத்திரை குத்தப்பட்டவர்களுக்கு வேலை மறுக்கப்பட்டது. 'ரோமன் ஹாலிடே' (1953) கதைக்கான ஆஸ்கர் வேறொருவர் பெயருக்குப் போய், உண்மையில் எழுதிய டால்டன் டிரம்போவின் பெயரில் அது அவருடைய மனைவியிடம் வந்துசேர 1993 ஆயிற்று. படத்தைப் பார்க்கும்போது, அதில் யாருக்குப் பெயர் இருக்கிறது, யாருக்கு எப்படிப்பட்ட வேடம் இருக்கிறது, யார் இல்லவே இல்லை என்பதையும் பாருங்கள்.

பத்தாம் படி: ஒருவரைப் பின்தொடருங்கள், பிறகு திரும்பி வாருங்கள்

பத்துப் படங்கள் பார்த்த பிறகு பட்டியல்களை விட்டுவிட்டு ஒரு மனிதரைப் பின்தொடரத் தொடங்குங்கள். நடிகர் என்றில்லை, டோலண்டைப் பின்பற்றினால் 'வதரிங் ஹைட்ஸ்' (1939), 'தி கிரேப்ஸ் ஆஃப் ராத்' (1940), 'தி பெஸ்ட் இயர்ஸ் ஆஃப் அவர் லைவ்ஸ்' (1946) என்று இரண்டு இயக்குநர்களின் மூன்று படங்களின் ஊடே ஒரே கண் பயணம் செய்வது தெரியும். 1948இல், நாற்பத்து நான்கே வயதில் அவர் இறந்துவிட்டார். ஒரு நோட்டுப் புத்தகத்தில் படத்துக்கு ஒரு பக்கம் ஒதுக்கி, கதைச் சுருக்கத்தை எழுதாமல், மனத்தில் நின்ற ஒரே ஒரு காட்சியில் வெளிச்சம் எங்கிருந்து வந்தது, யார் எங்கே நின்றார்கள் என்பதை மட்டும் நான்கைந்து வரிகளில் எழுதுங்கள். வாரத்துக்கு ஒரு படம் போதும். அவசரம் இந்தப் படங்களுக்கு ஆகாது.

ஆறு மாதம் கழித்து '12 ஆங்ரி மென்' படத்தை மீண்டும் போடுங்கள். இம்முறை கடைசிக் காட்சி வரை பொறுமையாக இருங்கள். அத்தனை நேரம் நீண்ட லென்ஸ்களால் முகத்தருகே நெருங்கி நின்ற கேமரா, அங்கேதான் அகன்ற லென்ஸுக்கு மாறி, நீதிமன்றத்துக்கு வெளியே உயரத்திலிருந்து பார்க்கிறது. மழை விட்டிருக்கிறது. படிகள் ஈரமாக இருக்கின்றன. அறைக்குள் எண்களாக மட்டும் இருந்தவர்களில் இருவர் அந்தப் படிகளில் நின்று முதன்முறையாகத் தங்கள் பெயரைச் சொல்லிக்கொண்டு, ஆளுக்கொரு திசையில் பிரிந்து நடக்கிறார்கள்.